சத்தம் போடாத போன்

மூன்று வாரமாக என் போன் வாயைத் திறக்கவில்லை. அதை நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கேன்டீனில் உட்கார்ந்து நாலு பேருக்கு உபதேசம் வேறு செய்தேன். ஐம்பது தாண்டியவன் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

எல்லாம் ஒரு விளம்பரத்தில் ஆரம்பித்தது. மேனேஜரிடம் கிரிக்கெட் ஸ்கோர் காட்டப் போனை நீட்டினேன். ஸ்கோருக்கு மேலே மூலத்துக்கான களிம்பு வந்து நின்றது. முந்தின நாள் வீட்டில் மனைவியிடம் அதைப் பற்றி மெதுவாகத்தான் பேசியிருந்தேன். மேனேஜர் எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அடுத்த மீட்டிங்கில் எனக்கு மட்டும் குஷன் வைத்த நாற்காலி கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, போனில் இருந்த பெரிய கம்பெனியின் சிஸ்டத்தை வழித்தெடுத்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் ஒன்றைப் போட உட்கார்ந்தேன். முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதி, எவர் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்தது. நான் பிரித்துப் பார்த்தால் ஒரு வரியும் புரியாது என்பது வேறு விஷயம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, லேப்டாப்பில் ஒயரைச் செருகி, போன் நடுவில் இரண்டு தடவை செத்துப் பிழைத்து, சாயங்காலம் ஒருவழியாக எழுந்தது.

"அப்படி என்ன ரகசியம் வெச்சிருக்கீங்க? பூப்போட்ட குட் மார்னிங்தான நாலு கெடக்கு" என்றாள் மனைவி.

அதன்பிறகு யாராவது கூப்பிட்டால் மட்டும் போன் அடிக்கும், அவ்வளவுதான். டிங் டிங் என்ற சத்தம் நின்றுபோனது. நான் புரிந்துகொள்ளாதது ஒன்றுதான். ஒவ்வொரு ஆப்பின் செய்தியையும் சுமந்து வந்து நம் போனைத் தட்டுகிற வேலையைச் செய்தது அந்தப் பெரிய கம்பெனியின் ஆள். அவனை நான் வேலையை விட்டுத் துரத்தியிருந்தேன். நாமாகத் திறந்து பார்த்தால் தவிர ஆப்பில் என்ன வந்தது என்று இனித் தெரியாது.

அயனம்பாக்கம் ஏரியோரம் எங்கள் பிளாட். யார் வந்தாலும் வாட்ச்மேன் போட்டோ எடுத்து ஆப்பில் அனுப்புவார். நாம் சரி என்று அமுக்கினால்தான் கேட் திறக்கும். வீட்டுக்கு ஒரு நம்பர். எங்கள் வீட்டுக்கு என்னுடையது. கூரியர்காரர்கள் பார்சலைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்ததை, கடவுள் எனக்குக் கொடுத்த நடைப்பயிற்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண வந்தவர் கேட்டிலிருந்து போன் செய்தார். "சார், ஆப்புல நீ எடுக்க மாட்டன்றியாம். உள்ள உட மாட்டன்றாங்கோ."

ஆப்பைத் திறந்தேன். வரிசையாக முகங்கள். அவற்றுக்கு நடுவே என் அண்ணனும் அண்ணியும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். பத்து நாளைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கீழே சிவப்பில், 'பதில் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.'

மனைவி அன்று மாங்காடு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வீட்டில்தான் இருந்தேன். பால்கனியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஆவடியில் ஃபேக்டரியிலிருந்து அவர் ரிட்டயர் ஆன விழாவில் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "பாவம் எங்கண்ணன், நாளையிலிருந்து தூங்கறதுக்கு வீட்டைத்தான் நம்பணும்" என்றேன். கூட்டமே சிரித்தது, அவருடைய மேலதிகாரி அதிகமாகச் சிரித்தார். அண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் போட்டோவைக் காட்டினேன்.

"மூணு வாட்டி போட்டேன் சார், நீங்க எடுக்கல. அந்தம்மா கையில தட்டு, பூவு, பத்திரிகை எல்லாம் வெச்சிக்கினு இருந்தாங்கோ. அவரு என் போன எட்டிப் பாத்தாரு. செவப்பா வந்துச்சில்ல, அதப் பாத்துட்டு, வா போலாம்னு இட்டுகினு பூட்டாரு."

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமேப்பா."

"யாரு நம்பரும் வாட்ச்மேனுக்குக் காட்டக் கூடாதுன்னு நீங்கதான சார் மீட்டிங்ல சண்டை போட்டீங்க."

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டுவிட்டு உட்கார வைப்பார்களே, அப்படி இருந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தட்டோடு நேரில் அழைக்க வந்தவரை நான் உள்ளே விடவில்லை. அவரைப் பொறுத்தவரை நடந்தது அதுதான்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஆவடி போனேன். எப்போதும் "வா தம்பி" என்கிற அண்ணி "வாங்க" என்றார். அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். களிம்பு விளம்பரம், சிஸ்டம், ஓப்பன் சோர்ஸ், வராத செய்தி, சிவப்பு எழுத்து. சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி கேட்டது.

"களிம்பு விளம்பரத்துக்கா இவ்ளோவும்?" என்று அண்ணி கேட்டார். சிரிக்கவில்லை.

"ஆமா அண்ணி."

அவர் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். வெற்றிலை, பாக்கு, மேலே பத்திரிகை. தட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்து நின்றார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். டிவியில் ஒரு விளம்பரம் முழுதாக ஓடி முடிந்தது. அண்ணன் எழுந்து வந்து தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்தார். நான் வாங்கிக்கொண்டேன். "குடும்பத்தோட வந்துடுங்க" என்றார், பக்கத்துத் தெருக்காரருக்குச் சொல்வது போல.

வண்டியைக் கிளப்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார்.

"போன் மேல பழி போடாதடா. ரெண்டு வருஷமா அந்தப் பழைய போன் நல்லாதான இருந்துச்சு. ஒரு வாட்டி கூப்ட்டியா?"