வெறும் தண்ணீரில் இரண்டு கோடுகள்

நம்புங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. நடந்ததை, நடந்த வரிசையில் எழுதுகிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மேலூர் சாலையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கும் நீரில் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்குள் ஒரு நொதியை உண்டாக்கும் மரபணுவைத் தேடுவது என் வேலை. என் மனைவி தமிழ்வாணியும் அங்கேதான் இருந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு கிரானைட் லாரி அவள் ஸ்கூட்டர் மேல் ஏறியது. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். அழவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மரபணுவைப் பெருக்கும் பிசிஆர் மெஷினில் பத்து டியூப் வைத்தால், ஒன்றில் மட்டும் டிஎன்ஏ சேர்க்காமல் வெறும் தண்ணீர் விடுவோம். கடைசியில் ஜெல் பலகையில் ஓடவிட்டு விளக்கடியில் பார்த்தால், மற்ற டியூப்களுக்குக் கோடு விழும். தண்ணீருக்கு விழக்கூடாது. விழுந்தால், யாருடையதோ உள்ளே கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு மூன்று வாரமாக விழுந்தது.

தண்ணீரை மாற்றினேன். மருந்துகளை மாற்றினேன். மறுபடியும் கோடு. அதுவும் என் பாக்டீரியாவுக்கு விழ வேண்டிய இடத்தில் இல்லை.

"தண்ணிக்குள்ள யாரண்ணே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றான் செல்வக்குமார். என் ஜூனியர்.

டியூப்களை நிரப்புவதற்கென்று ஒரு சின்ன ஏசி அறை இருக்கிறது. கண்ணாடிக் கதவு. வாணி பகல் முழுக்க அதற்குள்தான் உட்கார்ந்திருப்பாள். கலந்திருப்பது அவளாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஒன்றரை வருடத்தில் நான் விரும்பியது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தில் யாரும் இல்லை. மதியம் 12.10. வெளியே கண் கூசும் வெயில்.

அந்த அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டிக்... டிக்... டிக்...

பிப்பெட். துளித்துளியாக அளந்து எடுக்கும் கருவி. அதன் பொத்தானை வாணி அழுத்தினால் இரண்டு டிக் கேட்கும். பிறகு அமைதி. இது நிற்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது. விளையாடுவதுபோல.

கதவின் உட்புறம் பனி படர்ந்ததுபோல் ஒரு வட்டம். விரிந்தது... சுருங்கியது... மூச்சு. என் முழங்கால் உயரத்தில்.

மண்டியிட்டேன். "வாணி" என்றேன்.

டிக் நின்றது.

உள்ளே போனேன். யாரும் இல்லை. பிப்பெட்டில் செருகும் பிளாஸ்டிக் முனைகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. வாணி ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெறும் தண்ணீரை அங்கே திறந்து வைத்தேன். பிறகு மூடி எடுத்துவந்தேன். மாணவர்களுக்குச் செய்துகாட்டும் ஒரு சோதனை இருக்கிறது. பெண்ணின் டிஎன்ஏ என்றால் ஒரு கோடு விழும். ஆண் என்றால் இரண்டு.

ஒரு கோடு போதும் எனக்கு.

4.35-க்கு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டு.

என்னுடையதாக இருக்கலாம். ஆனால் அந்த மூச்சு என்னுடையது இல்லை. வாணியுடையதும் இல்லை. அப்படியானால் உள்ளே யார்?

கலப்படம் வந்தால் நாங்கள் செய்வதைச் செய்தேன். அறை முழுக்க பிளீச் ஊற்றித் துடைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். யூவி விளக்கைப் போட்டேன். அந்த ஒளி பட்டால் டிஎன்ஏ சிதைந்துபோகும்.

அறை நீலமானது.

டிக்.

டிக்டிக்டிக்டிக்...

பிறகு தட்டும் சத்தம். கண்ணாடியில். உள்ளங்கையால்... முழங்கால் உயரத்தில்.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

தட்டியது.

விடவில்லை.

தட்டல் மெதுவானது...

ஒன்று...

இன்னொன்று...

அவ்வளவுதான்.

விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை.

திங்கள்கிழமை தண்ணீர் சுத்தம். கோடே இல்லை.

"பேயை ஓட்டிட்டீங்கண்ணே" என்று சிரித்தான் செல்வக்குமார். ஞாயிறு எடுத்த தண்ணீரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "யாரு வேலைன்னு பாத்துருவோம்" என்று வாங்கிக்கொண்டான். ஒப்பிட்டுப் பார்க்க என் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்துக் கொடுத்தேன். வாணியின் சீப்பில் சிக்கியிருந்த முடியையும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் சிரிக்கவில்லை.

"அண்ணே, இது நீங்க இல்ல. அண்ணியும் இல்ல."

"சரி."

"பாதி நீங்க. பாதி அண்ணி." தரையைப் பார்த்தான். "உங்களுக்குப் புள்ள ஏதும்..."

"இல்ல."

மாமனார் மலையாண்டிக்குப் போன் செய்தேன். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். கேட்டேன். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டரை மாசம் மாப்ள. அறுத்துப் பாத்தப்ப டாக்டர் சொன்னாரு. நாந்தான் உங்க காதுக்கு வராமப் பாத்துக்கிட்டேன்."

"வாணிக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ அம்மாகிட்டச் சொல்லிருக்கா. அந்த வாரம் உங்ககிட்டச் சொல்றதா இருந்தா." இருமினார். "விடுங்க. இம்புட்டுக்காணுதான் இருந்துச்சாம். இனி தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

என்ன பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிறந்திருந்தால் இப்போது பதினோரு மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் வயது.

யூவி விளக்கைக் கழற்றிவிட்டேன். தினமும் அந்த அறையில் ஒரு டியூப் தண்ணீரைத் திறந்து வைக்கிறேன். தினமும் சோதிக்கிறேன்.

தண்ணீர் சுத்தமாகவே இருக்கிறது.