பின்சீட்டில் வந்த நடுக்கம்

சைதாப்பேட்டை தணிகாசலம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர் வீட்டில் பிறந்தவர். மவுண்ட் ரோட்டில் மோட்டார் ஒர்க்‌ஷாப்புகள் பெருகிய காலத்தில் சம்மட்டியை வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். கைதேர்ந்தவர்தான்; ஆனால் முன்கோபி. காரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "நீ ரிப்பேர் பண்றியா, நான் பண்ணட்டா?" என்பார்.

மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீனிவாசராகவனின் கார் அவரிடம் வந்தது. வக்கீலின் மனைவி விஜயலக்ஷ்மிக்கு முதுகெலும்பில் க்ஷயரோகம். வாராவாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கடற்கரைச் சாலையில் வேகமெடுத்ததும் கார் நடுங்கும். அந்த அம்மாள் துடித்துப்போவார்.

தணிகாசலம் எஞ்சினுக்கடியில் தோல் பட்டைகளை வைத்து இறுக்கினார். "இனிமே பூ மாதிரி போவும் சாமி" என்றார்.

போகவில்லை. அடுத்த முறை போய்வந்தபோது அம்மாளின் உதடு கடிபட்டு ரத்தம் கட்டியிருந்தது. செத்தாலும் இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வக்கீல் ஆளனுப்ப, தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"ரோடு மோசம் சாமி. வண்டியில ஒண்ணுமில்ல."

கூடத்தில் படுத்திருந்த விஜயலக்ஷ்மி குரல் கொடுத்தார். "ரோடு இல்லைப்பா. எஞ்சின் ஓடிண்டே வண்டி நிக்கறச்சே வலிக்கலை. மெதுவாப் போனாலும் இல்லை. வேகமாப் போறச்சே மட்டும் சீட்டுக்கு அடியிலேர்ந்து வந்து முதுகுல ஏறறது."

வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, தணிகாசலம் நேராகக் காரைக் கடற்கரைக்கு ஓட்டிப்போனார். நல்ல வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. கார் தானாக உருண்டது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. கோளாறு எஞ்சினில் இல்லை என்று புரிந்து வெட்கப்பட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் பின்சக்கரங்களைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, எஞ்சினிலிருந்து அவற்றுக்கு விசை கொண்டுபோகும் நீண்ட தண்டைச் சுழலவிட்டார். அருகே சாக்கட்டியை அசையாமல் பிடித்தார். தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. தண்டு வளைந்திருந்தது.

அதை நிமிர்த்திப் பூட்டினார். கூட வேலை செய்த ஹபீபுர் ரஹ்மானை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்சீட்டில் படுத்துக்கொண்டார்.

"இன்னா நைனா, நடுக்கம் இன்னும் கீதா?"

"கொஞ்சம் கீது. திருப்பு."

நாள்பட்ட நடுக்கத்தில் காரின் அடிச்சட்டத்துக் குறுக்குக் கம்பியில் ரிவெட்டுகள் தளர்ந்துபோயிருந்தன. பழையவற்றை வெட்டியெடுத்து, புதியவற்றைக் காய்ச்சி அடித்தார்.

அம்மாளைச் சம்மதிக்கவைத்து, மறுவாரம் தணிகாசலமே ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினார். ஐஸ் ஹவுஸ் தாண்டியும் பின்னாலிருந்து முனகல் இல்லை. பயந்து திரும்பிப் பார்த்தார். விஜயலக்ஷ்மி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் நோய் விடவில்லை. ஐப்பசி மழையில் அவர் காலமானார். கிருஷ்ணாம்பேட்டை மயானம்வரை தணிகாசலம் ஒதுங்கி நனைந்தபடியே நடந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபின் வக்கீல் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவ பயப்படலை, தணிகாசலம்" என்றார்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.