அம்மா தூங்கும்போது ஆடிய ஆட்டம்

பார்சலைப் பிரித்ததுமே ரஞ்சனுக்குத் தெரிந்துவிட்டது, இது அக்காவின் வேலை என்று. அனுப்பியவர் முகவரி செங்காங், அக்கா குடியிருக்கும் இடம். உள்ளே ஒரு வீடியோ கேம், 'கிரே லேன்டர்ன்'. அக்காவும் அவனும் பள்ளி நாளில் ஆடிய அதே ஆட்டம், புதுக்கோலத்தில் மறுபடி வந்திருக்கிறது. கூடவே ஒரு வரிகூட இல்லை. எழுதினால் படிக்காமலே கிழித்துப்போடுவான் என்று அக்கா வித்யாவுக்குத் தெரியாதா?

அம்மா போனதிலிருந்து ரஞ்சன் அக்காவிடம் பேசுவதில்லை. அப்போது அவன் எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். நடுக்கடலிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அம்மா எங்கக்கா?" என்பான். "தூங்குறாங்கடா, எழுப்ப வேணாம்" என்பாள் வித்யா. அவன் நம்பினான். கப்பல் கரை தொட்டபோது அம்மா அன்னம்மா சாம்பலாகியிருந்தார். அன்று வாசலில் நின்று அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "என்கிட்ட சொல்றதுதானேக்கா உன் வேலை?" அதோடு சரி. கப்பல் வேலையையும் விட்டுவிட்டு, குவீன்ஸ்டவுனில் அம்மாவின் பழைய வீட்டில் தனியாக இருக்கிறான்.

சொல்வது அவள் வேலை என்று அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

அன்னம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தார். விடியும் முன்பே போய், பிற்பகலில் வீடு திரும்பி, ஹாலில் பாய் விரித்துச் சாய்ந்துவிடுவார். டிவி இருந்ததும் அதே ஹாலில்தான். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் தூக்கம்தான் சட்டம். அந்தச் சமயத்தில்தான் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் இந்த ஆட்டத்தின் பழைய டிஸ்க் அவர்கள் கைக்கு வந்தது. ஒருவன் மலைக்கோட்டைக்குள் புகுந்து, காவலாளிகள் யார் கண்ணிலும் படாமல், சிறையிலிருக்கும் பெண்ணை மீட்டுவர வேண்டும். அவ்வளவுதான் கதை.

அந்த ஆட்டத்தின் உயிர் அதன் சத்தத்தில் இருந்தது. இரும்புத் தட்டில் நடந்தால் ஒரு ஒலி, சரளைக்கல்லில் வேறு ஒலி. ஒரு காவலாளி இருமுவான், இன்னொருவன் கொட்டாவி விடுவான். எவனையும் கொல்லவேண்டாம், பொறுமை இருந்தால் போதும். ஆனால் குறைகளும் கொஞ்சமில்லை. சுவரோரம் ஒதுங்கினால், காட்சியைக் காட்டும் கேமரா சுவருக்குள் போய் முட்டிக்கொள்ளும், பாதித் திரை வெறும் செங்கல்தான். நடுநடுவே வரும் கதைக்காட்சிகளைத் தாண்டவும் முடியாது. மைலோ கலக்கிக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள்.

கண்ணுக்கு எட்டாததைக் காதால்தான் பிடிக்கவேண்டும். சத்தம் வைத்தால் அம்மா எழுந்துவிடுவார். அதனால் இயர்போன் வித்யாவின் காதில், கன்ட்ரோலர் ரஞ்சனின் கையில். அவள் அவன் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். இடப்பக்கம் காலடி கேட்டால் இடத்தோளில் தட்டுவாள். வலப்பக்கமென்றால் வலத்தோள். பின்னால் ஆள் வந்தால் பிடரியில் ஒரு சுண்டு. முதுகில் உள்ளங்கையை விரித்து வைத்தால், யாருமில்லை, போகலாம். வாய் திறக்காமல் கோட்டை முழுவதையும் கடந்தார்கள். மற்ற நேரமெல்லாம் சீப்புக்கும் சோப்புக்கும் அடித்துக்கொண்ட அக்காவும் தம்பியும்தான்.

கடைசிச் சண்டையை மட்டும் அவர்கள் முடிக்கவே இல்லை. ஒளிந்திரு, பொறுத்திரு என்று அதுவரை சொல்லிக்கொடுத்த ஆட்டம், திடீரென்று ஆளைத் திறந்த வெளியில் நிறுத்தி, பீரங்கிக்கு எதிரே சுடச் சொல்லும். பதற்றத்தில் இருவரில் ஒருவர் கத்திவிடுவார். அம்மா புரண்டு படுப்பார். உடனே நிறுத்திவிடுவார்கள்.

புதிய ஆட்டத்தை ரஞ்சன் சனிக்கிழமை காலை போட்டுப்பார்த்தான். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. கேமரா தண்ணீர்போல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதைத் திரையிலேயே வெள்ளை வளையங்கள் காட்டின. சரளைக்கல் முற்றம் வந்தது. ஆளைச் சுவரோரம் நிறுத்தினான். அப்படியே காத்திருந்தான். காவலாளி வந்தான், போனான், மறுபடியும் வந்தான். ரஞ்சனின் கை நகரவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அவன் தோள் ஒரு தட்டுக்காகக் காத்திருந்தது.

எல்லாக் குறையும் தீர்ந்த இந்த ஆட்டத்தில் அக்காவுக்கு இடமே இல்லை. கேமரா ஒழுங்காக இருந்திருந்தால் அன்றும் அவள் தேவைப்பட்டிருக்க மாட்டாள். அந்த ஓட்டை ஆட்டத்துக்கு அவன் மனம் கையெடுத்துக் கும்பிட்டது.

அலமாரியின் அடியிலிருந்து பழைய கேம் கன்சோலையும் இயர்போனையும் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறினான்.

கதவைத் திறந்தவர் வித்யாவின் கணவர் வெங்கடேஷ். துண்டு மூட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மச்சான், பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"டிவியில மாட்டணும் அத்தான். பழைய வயர்."

"எங்கிட்ட அடாப்டர் இருக்கு லா. உள்ள வா முதல்ல."

சமையலறை வாசலில் வித்யா நின்றாள். ரஞ்சன் நிமிர்ந்து பார்க்காமல் இயர்போனை நீட்டினான்.

"புதுசு நல்லா இல்லக்கா."

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்களேடா."

"நல்லாதான் இருக்கு. நீ இல்லாமயே ஆட முடியுது."

இயர்போனை வாங்கிக்கொண்டாள். வெங்கடேஷ் கன்சோலை மாட்டியதும், டிவி முன்னால் விரித்த பாயில் அவன் பின்னால் உட்கார்ந்தாள். மெமரி கார்டில் கடைசிச் சண்டைக்கு முந்தைய இடம் அழியாமல் இருந்தது. கன்ட்ரோலரைப் பிடித்தபடியே, திரையைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"ஏன்க்கா தூங்குறாங்கன்னு சொன்னே?"

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க. நீ திரும்பி வந்தப்ப, அவங்க மேல உனக்குக் கோபம் வரக்கூடாதுன்னு நான் வாயத் திறக்கல. அந்தக் கோபம் என்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ரஞ்சனின் கட்டைவிரல் பொத்தானிலேயே நின்றது.

"ஆஸ்பத்திரியில ஒருநாள் சிரிச்சாங்கடா. 'மத்தியானத்துல நான் எங்க தூங்குனேன்? நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்ததே அப்பதான். எழுந்தா கெட்டுடும்னு கண்ண மூடிக்கிட்டே கிடந்தேன்'னாங்க. 'இப்பவும் நான் தூங்குறதாவே அவன் நெனச்சுக்கட்டும். தண்ணிக்கு நடுவுல இருக்கற பிள்ள என்ன செய்வான், கரைக்கு வரட்டும்'னாங்க. நீ வர்ற வரைக்கும் தாங்கிடலாம்னு நெனச்சாங்க, பாவம்."

கப்பலில் எத்தனையோ புயலைப் பார்த்தவன், பாயில் முகம் புதைத்து அழுதான். வித்யாவும் அழுதாள். வெங்கடேஷ் சத்தமில்லாமல் போய் மூன்று கோப்பை மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். பாதி கொட்டியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரஞ்சன் டிவியின் பக்கவாட்டில் கையை விட்டு இயர்போனைப் பிடுங்கினான். பீரங்கிச் சத்தம் ஹாலை நிறைத்தது.

"மெதுவா வைடா" என்றாள் வித்யா, பழக்கத்தில்.

"அவங்கதான் தூங்கவே இல்லையே. நல்லாக் கேக்கட்டும். அத்தான், இன்னும் கூட்டுங்க."

தோற்றார்கள். மறுபடியும் தோற்றார்கள். வித்யா அவன் தோளிரண்டையும் மாற்றி மாற்றி அடித்தாள். "நான் டிரம்மா?" என்று அவன் கத்த, "சொன்னா கேட்டாதானே?" என்று அவளும் கத்தினாள். ஒருவழியாகப் பீரங்கி கவிழ்ந்தது. சிறைக்கதவு திறந்தது. அந்தப் பெண் மெல்ல வெளியே வந்து, பனியில் நின்று, பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

"இதைத் தாண்ட முடியாதா?" என்று கேட்டார் வெங்கடேஷ்.

"முடியாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மைலோவில் ஆடை படிந்தது. ரஞ்சனின் முதுகில் வித்யாவின் உள்ளங்கை விரிந்தபடியே இருந்தது.