சத்தமில்லாமல் ஓடிய ரயில்

சூலூர் ஞானாபரணத்திடம் மோட்டார் கட்டக் கொடுத்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. கிணற்று மோட்டாருக்கும் தறி மோட்டாருக்கும் நாற்பத்திரண்டு வருசம் செம்புக் கம்பி சுற்றிய கை அது. "மோட்டாருன்னா ஓடறதே தெரியக்கூடாதுங்க. சத்தம் வந்துச்சுன்னா அது நோவு" என்பார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியில் இந்தப் பேச்சுத்தான் அவர் குடியைக் கெடுத்தது.

அவருக்கு ஒரே மகன், வின்ஸ்டன். வயது முப்பத்தாறு, ஆள் ஆறடி, பேச்சு கிடையாது. ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் செய்யமாட்டான். ஆனால் அவனுக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் ரயில் ஓட வேண்டும். மில் முதலாளி பாலகோபால் வீட்டில் பரணைக் காலி செய்தபோது ஞானாபரணத்துக்குக் கொடுத்த பழைய சீமைப் பொம்மை ரயில் அது. ஓர் எஞ்சின், மூன்று தகரப் பெட்டி, வட்டமாக ஒரு தண்டவாளம், கரண்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர். அப்போது வின்ஸ்டனுக்கு நாலு வயது. எஞ்சின் கிர்ர்ர் என்று முனகிக்கொண்டு வரும், இடையிடையே 'டக்' என்று ஒரு குலுக்கல் குலுக்கும். அந்த 'டக்'குக்கு ஒரு வாய். அம்மா அமலி முப்பத்திரண்டு வருசம் மூன்று வேளையும் அப்படித்தான் ஊட்டினாள்.

போன தவக்காலத்தில் அமலி கண்ணை மூடினாள். நாலு மாதம்கூட ஆகவில்லை, ஞானாபரணத்துக்கு நெஞ்சில் வலி வந்தது. படமெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், "பையனப் பாத்துக்க வேற ஆளு இருக்காங்களா?" என்று கேட்டார். தனக்கு எவ்வளவு நாள் என்பது அந்தக் கேள்வியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் மகள், மாமன் மகன் என்று எல்லா வீட்டுக்கும் போய்வந்தார். காப்பி கொடுத்தார்கள். கடைசியில் வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் வின்ஸ்டன் மாதிரி ஆட்களுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் இல்லத்தில் போய் நின்றார். சிஸ்டர் ஜோவிதா நல்ல மனுசி. "சாப்பாடு மட்டுந்தானுங்கய்யா எங்களுக்குக் கவலை. ரயிலையும் கொண்டாங்க. நாங்க சுவிட்சப் போட்டு ஊட்டி அவரு சாப்பிட்டாருன்னா, சந்தோசமா வெச்சுக்கறமுங்க" என்றார்.

மறுநாளே மகனையும் ரயிலையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் தீர்ந்தது. இந்த மனுசனுக்குக் கை சும்மா இருக்குமா? சிஸ்டர்மாருக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும், நான் போன பிறகு நின்றுபோனால் யார் பார்ப்பார்கள், இன்னும் முப்பது வருசம் ஓடுகிற மாதிரி செய்துவிடுவோம் என்று எஞ்சினைப் பிரித்துப் போட்டார். நல்லாத்தானே ஓடிக்கொண்டிருந்தது, பாவி!

கடையில் எல்லா மோட்டாருக்கும் செய்வதையே இதற்கும் செய்தார். உள்ளே சுழலும் ஆர்மேச்சரை உருவி, பழைய கம்பியை வெட்டிப் போட்டு, புதிதாகச் சுற்றி, வார்னிஷில் முக்கி, எட்டு நாள் வெயிலில் வைத்தார். ஒரு பல் தேய்ந்த சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் புதுசு வெட்டி வாங்கினார். அந்த நாட்களில் வெறும் பெட்டியைக் கையால் தள்ளி, வாயாலேயே கிர்ர்ர், டக் என்று சொல்லி வின்ஸ்டனுக்கு ஊட்டினார். முதல் நாள் மகன் முறைத்தான். அப்புறம் வாயைத் திறந்தான்.

எஞ்சினைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டால் அது சூடாகிறதே தவிர நகரவில்லை. தன் கைவேலையில்தான் பிசகு என்று மூன்று தடவை பிரித்துச் சுற்றினார். பிறகு வெட்கத்தை விட்டு, உக்கடத்தில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கும் ஜாவித்திடம் கொண்டு போனார்.

"ஏனுங்ணா, ஆர்மேச்சர உருவுனப்ப அந்தச் சந்துல இரும்புத்துண்டு ஏதாச்சும் வெச்சீங்களா?"

"எதுக்குங்க தம்பி?"

"பழைய காந்தமுங்ணா. நடுவுல இரும்பு இல்லாம தொறந்து கெடந்தா சத்து எறங்கிப்போயிரும். கெணத்து மோட்டார்ல இந்தக் காந்தம் இல்லீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஞானாபரணத்துக்குக் காது சுட்டது. எத்தனையோ பேர் எரித்துக் கொண்டுவந்த மோட்டாருக்கு உயிர் கொடுத்தவர், மகனுடைய மோட்டாரைத் தன் கையாலேயே கொன்றுபோட்டார்.

ஜாவித் பழைய காந்தத்தைக் கழற்றிவிட்டு, பொடிசாகப் புதுக் காந்தங்களை ஒட்டிக் கொடுத்தான். ஆகா, ஓடியது! புதுப் பல்சக்கரம், புதுச் சுற்று, புதுக் காந்தம். ஓடுவதே தெரியவில்லை. "அமலி இருந்து பாத்திருக்கோணும்" என்று அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடிந்ததும் மகனையும் ரயிலையும் கூட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போனார். அங்கே சிஸ்டர் ஜோவிதா சுவிட்சைப் போட்டு, தயிர்ச்சோற்றை எடுத்து நீட்டினார். வின்ஸ்டன் ரயிலைப் பார்த்தான். குனிந்து தண்டவாளத்தில் காதை வைத்தான். வெகுநேரம் அப்படியே கிடந்தான். எழுந்து உதட்டை இறுக்கிக்கொண்டான்.

நோவு என்று எதைக் கழற்றி எறிந்தாரோ, மகனுக்கு அதுதான் சோறு. அப்போதுதான் ஞானாபரணத்துக்கு உறைத்தது. அரத்தை வாங்கி, பழையதில் தேய்ந்திருந்த மாதிரியே புதுச் சக்கரத்திலும் ஒரு பல்லை ராவினார். 'டக்' வந்தது. அது வேறு 'டக்'. வின்ஸ்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தான். மூன்றாம் நாள் காலை சிஸ்டரே, "நீங்களே ஊட்டிப் பாருங்கய்யா" என்றார். ஞானாபரணம் எதிரில் உட்கார்ந்து கிர்ர்ர் என்று ஆரம்பித்தார். டக் என்றதும் மகன் வாயைத் திறந்தான். ஒரு தட்டு, அப்புறம் இன்னொரு தட்டு. அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மகனும் மெல்லுவதை நிறுத்தினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். சிஸ்டர் பக்கத்தில் நின்று அதைச் செல்போனில் பதிந்துகொண்டார்.

"மத்தியானம் இதப் போட்டுப் பாப்பமுங்க. நீங்க கண்ணுல படாம வெளிய நின்னுக்குங்க" என்றார்.

ஞானாபரணம் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உள்ளே தன் குரலே ஓடுவது கேட்டது. கிர்ர்ர், டக். கிர்ர்ர், டக். மாதாவே, ஒரு வாய் வாங்கிக்கொள்ளட்டும், ஒரே வாய், நான் இப்படியே பஸ் ஏறிப் போய்விடுகிறேன் என்று வேண்டினார்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. வின்ஸ்டன் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்து, தூணுக்குப் பின்னால் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டான். செல்போன் இன்னும் டக், டக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி அவர் உதட்டை ஒரு விரலால் தட்டினான்.

"வாரேன் கண்ணு" என்று ஞானாபரணம் தூணைப் பிடித்து மெல்லக் கீழே உட்கார்ந்தார். "நானிருக்கற வரைக்கும் வாரேன்."