புலியின் வயிற்றில் ஓர் ஓட்டை

ஷார்ஜாவில் எங்கள் பில்டிங்குக்குப் பின்னால் இருக்கும் மணல்வெளியில் நானும் மகனும் ஞாயிறு காலைகளில் ரிமோட் கார் ஓட்டுவோம். சென்னையில் அவனுக்குக் கல்லூரி சீட்டும் ஹாஸ்டல் அறையும் கிடைத்தன. இங்கேயே படி என்றேன். அதன்பின் எங்களுக்குள் கார்ப் பேச்சு மட்டும்தான் மிஞ்சியது.

அந்த ஞாயிறும் மோட்டார் சூடேறி, கார் பாதியில் நின்றுவிட்டது. சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க்கை அப்போதுதான் பெரிதாக மாற்றியிருந்தேன்.

"ஹீட் சிங்க் என்னப்பா பண்ணும்? பாடி மூடியிருக்கு, சூடு உள்ளயே சுத்துது. பின்னாடி ஓட்டை போடணும்."

"அங்க புலி இருக்கேடா."

காரின் பிளாஸ்டிக் பாடிமேல் இரண்டாம் வகுப்பில் அவன் வரைந்த புலி. பூனை என்றால் அழுவான். அதை வெட்ட எனக்கு மனமே வந்ததில்லை.

"வெறும் பெயின்ட்ப்பா. நீங்க பிடிங்க, போதும்."

கத்தரிக்கோல் புலியின் வயிற்றில் மெல்ல வட்டமிட்டது. நான் பாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கை நிதானமாக இருந்தது; என் கையைவிடப் பெரிதாகவும் இருந்தது.

பேட்டரி தீரும்வரை கார் நிற்கவில்லை. ஹீட் சிங்க்கைத் தொட்டேன். கை பொறுக்கும் சூடுதான்.

"ஹாஸ்டல்ல எத்தனாவது மாடிடா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மூணாவதுப்பா."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

ரிமோட்டை மணலில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். வெயில் ஏறியும் நிறுத்தவில்லை. அவனிடம் சொல்ல இவ்வளவு இருந்திருக்கிறது. நான் கேட்பதற்காகத்தான் காத்திருந்திருக்கிறான்.