சோற்று நேரத்தில் நின்ற மெஷின்

உத்திரமேரூர் ரைஸ் மில்லில் வேதகிரியும் நானும் நெல் காயவைக்கிறவர்கள். வெந்த நெல்லைச் சிமென்ட் களத்தில் பரப்பி, வெறுங்காலை இழுத்து இழுத்துத் துழாவ வேண்டும். உச்சி வெயிலிலும் அவனுக்குக் கால் சுடாது. அதைத் தைரியம் என்றே நினைத்தோம். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போயிருக்கிறது என்று ஒரு மடையனுக்கும் உறைக்கவில்லை. கொதிக்கிற மூலையை எப்போதும் அவன் பக்கம் தள்ளிவிட்ட மடையன் நான்தான்.

2006 சித்திரையில் அவன் உள்ளங்காலில் கொப்புளம் வெடித்துப் புண்ணானது. மூன்று மாதம் களிம்பு போட்டும் ஆறவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து தடவினார். மேலே ஸ்பாஞ்ச் வைத்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதிலிருந்து ஒரு குழாயை மெஷினில் மாட்டினார். புண்ணின் கெட்ட நீரை அது உறிஞ்சி பாட்டிலில் சேர்க்கும்.

"மருந்தும் மெஷினும் சேர்ந்து வேலை செஞ்சாதான் கால் தப்பும்" என்றார்.

பாட்டிலில் சேர்ந்தது சிவப்பாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் மனைவி செங்கேணிக்கு வயிறு எரிந்தது.

மருந்து மாற்ற இரண்டாம் முறை தாளைப் பிரித்தபோது அறையே நாறியது. டாக்டர் கேட்டார்: "நடுவுல மெஷினை நிறுத்துனீங்களா?"

செங்கேணி மறைக்கவில்லை. "சோறு துன்னும்போது மட்டும் நிறுத்துவேன் சார். இந்தாண்ட சோறு உள்ள போவுது, அந்தாண்ட ரத்தத்த உறிஞ்சிக்கினு கீது. துன்னது எப்டி ஒடம்புல ஒட்டும்? செரிச்சப்புறம் போட்டுடுவேன்."

வேளைக்கு மூன்று மணி நேரம். மூடிய தாளுக்குள் சீழ் தேங்கி எலும்பு வரை போய்விட்டது. ஒருநாள் அவள் நிறுத்தியதை நானும் பார்த்தேன். நியாயம்தானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, கணுக்காலுக்கு மேலே காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். திரும்பி வந்தபோது செங்கேணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே வேதகிரிக்குப் புரிந்துவிட்டது.

"டேனியலு, தன்னாலதான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. மெஷின் ரிப்பேருன்னு சொல்லிடு."

டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் வந்து கேட்டாள். மெஷின் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப நல்ல மெஷினா ஒண்ணு வெக்கச் சொல்லுண்ணே. கால் பொளச்சிக்கும்" என்றாள்.

நான் வேதகிரியைப் பார்த்தேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.