மடிக்கு ஒரு பந்து

ஒரகடத்தில், கார் கதவின் கைப்பிடி செய்யும் கம்பெனியில், குவாலிட்டியில் இருக்கிறேன். ஷிப்ட் முழுக்க எதையாவது இழுத்துப் பார்ப்பது, திருகிப் பார்ப்பது, சரியில்லை என்றால் சிவப்புப் பெட்டியில் வீசுவது. வெளியே வந்தாலும் இந்தக் கை சும்மா இருக்காது.

சேரப்பணஞ்சேரியில் இருக்கும் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு ஒன்று. கடைக்குட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் என் தலை வாசலில் தெரிந்தாலே அவள் ஊரைக் கூட்டிவிடுவாள். மீசைதான் காரணமோ என்று அதையும் எடுத்துப் பார்த்தேன். அழுகை கூடியதுதான் மிச்சம்.

"ஊசிய காட்றதுக்கு முன்னாடியே உன்ன பாத்து அயுதுடும்டா. பேசாம அதோட சித்தப்பா மடில உக்கார வெச்சிடலாமா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தாய்மாமன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது சித்தப்பா மடியா? பொம்மை கொடுத்தாவது அவளை வளைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். பையனுக்கு லாரி, அச்சில் ஆட்டமில்லை. மூத்தவளுக்கு ஸ்க்ரூ போட்டு வண்டி பூட்டும் செட். எல்லா மரையும் சுத்தமாக ஏறியது. ஒரு வயதுக்குத்தான் எதுவும் தேறவில்லை. கிலுகிலுப்பையின் மூட்டில் இடைவெளி. வாத்தை அமுக்கினால் விசில் கழன்று வந்தது. கரடியின் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், பொம்ம வாங்க வந்தியா, அதுக்கு உசுரு கீதான்னு பாக்க வந்தியா?"

கடைசியில் ஒரு துணிப் பந்து கிடைத்தது. பிய்த்துக்கொண்டு வர அதில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டில் லாரி அடுக்களைக்குள் ஓடியது. மூத்தவள் ஸ்க்ரூக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்குட்டி என்னைக் கண்டதும் கையிலிருந்த பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு வீறிட்டாள்.

"நீ வந்தாலே அதோட பொம்மைய புடுங்கி இஸ்து இஸ்து பாக்குற இல்ல மாமா, அதான் அயுது," என்றாள் மூத்தவள், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல். "போன தபா யானையோட காத பிச்சிட்ட."

பாவம் என் மீசை. கையைக் கட்டிக்கொண்டு எட்டத் தரையில் உட்கார்ந்தேன். பந்தைக் காலால் கடைக்குட்டி பக்கம் உருட்டிவிட்டேன். அவள் அழுகையை நிறுத்தி அதை எடுத்தாள். திருப்பினாள், இழுத்தாள், தையலைக் கடித்துப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து வீசினாள். நான் உருட்டினேன், மறுபடியும் வீசினாள். எங்கள் லைனில் ஒரே பொருள் இத்தனை தடவை திரும்பி வந்திருந்தால் சூப்பர்வைசர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இங்கே அவள் சிரித்துவிட்டாள்.

கோயிலில் பந்தோடு என் மடியில் உட்கார்ந்தாள். பக்கத்திலேயே சித்தப்பா, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, புது வேட்டியில் தயாராக இருந்தார். பத்தர் ஊசியை இறக்கினார். பந்து பறந்து போய் அவர் மூக்கில் பட்டது. அவள் திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். இத்தனை நாள் என்னைப் பார்த்து அழுதவள், இப்போது என்னிடம் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இன்னொரு காது பாக்கி இருந்தது. சித்தப்பா கையை நீட்டினார். அவள் போகவில்லை.